உப்பு ஆகாத செடி

அக்கா,

இன்று காலை செடியில் புதுக் குடுவையின் மூடி திறந்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். காபி வாசனை.

இந்த அறையில் அடுப்பு இல்லை. சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்துக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. கீழ்வீட்டுக்காரர்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள், இன்னும் பூட்டுத் திறக்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. வெளியே மழை. நீ போன பிறகு நான் காபி குடிப்பதில்லை.

இரண்டாம் முறை முகரவில்லை. முகர்ந்தால் அது இல்லாமல் போகலாம். இருக்கவும் செய்யலாம். இரண்டில் எது நேர்ந்தாலும் எனக்கு அடுத்த வேலை என்னவென்று தெரியவில்லை. அதனால் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

உன் செடியில் வெட்டிய துண்டுதான் இது. இலையின் நுனி கம்பிபோல நீண்டு கீழே இறங்குகிறது. இறங்கிய இடத்தில் வளைந்து மேலே பார்க்கிறது. அந்த முனையில் விரல் அளவில் ஒரு குடுவை, அதன்மேல் ஒட்டிய மூடி. மூடி திறந்த பிறகு பூச்சிகள் விளிம்பில் வந்து உட்காரும், வழுக்கும், உள்ளே நீரில் விழும். அப்புறம் வெளியே வராது. ஒருமுறை, திறக்காத குடுவை ஒன்றை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினாய். உள்ளே பாதிக்கு நீர் ஆடியது.

"தொறக்கறதுக்கு முன்னாடியே தண்ணி இருக்குது பாருடா. யாரும் ஊத்துனது இல்ல."

அன்று சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நீயும் இதே ஊரில் படித்தவள். 2004-ல் தாவரவியலில் சேர்ந்தாய். படிப்பு முடிந்து கடலூருக்குத் திரும்பியபோது கேரளத்துத் தோழி கொடுத்த ஒரு தண்டுத் துண்டு உன்னோடு வந்தது. ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் போட்டு, பஸ்ஸில் வழியெல்லாம் மடியில் வைத்திருந்தாயாம். கல்யாணமாகிக் கடலூரிலேயே செம்மண்டலத்து மாடி வீட்டுக்குப் போனபோது பீரோ, கட்டில், மிக்ஸி இவற்றோடு அதுவும் போனது. அதற்குள் அது ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது.

மாமாவுக்கு அதைக் கண்டால் முதலில் ஒரு மாதிரி இருந்தது. குடிகாட்டுப் பக்கம் ரசாயனத் தொழிற்சாலை ஒன்றில் ஆபரேட்டர் அவர். எந்தத் தொட்டியில் எதை எவ்வளவு விடுவது என்று பார்ப்பது வேலை. அளவு தவறினால் என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர். வீட்டில் வாய் திறந்து தொங்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட அவருக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அப்புறம் கேலி செய்யத் தொடங்கினார்.

"உங்க அக்கா கொண்டாந்த சீர்லயே உருப்படியானது இதுதான் மச்சான். அதுவா சம்பாரிச்சு அதுவா தின்னுக்குது. உன்ன மாதிரி இல்ல."

"அவன ஏன் இழுக்கறீங்க? நீங்க மட்டும் வாய மூடியா வச்சிருக்கீங்க?" என்றாய், சமையலறையிலிருந்து.

அந்தச் செடிக்கு நீ வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. உப்பு ஆகாது. செம்மண்டலத்தில் போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படியும். அது ஒரு சொட்டு படக்கூடாது. மழை பிடிப்பாய். மொட்டை மாடிக் குழாயின் கீழே டிரம்முகளும் ஒரு நீல கேனும். மழை தொடங்கி மாடி கழுவிப்போகும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகுதான் பிடிப்பாய். பக்கத்து வீடுகளில் காயும் துணியை எடுக்க ஓடுவார்கள். நீ கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவாய்.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் நின்றன.

நீயும் மாமாவும் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வருவீர்கள். உப்பு ஆகாது என்றார்கள். ஊறுகாய் கூடாது. தண்ணீர் அளந்துதான். காபி, அந்த அளவுக்குள் அடங்கினால் அரை டம்ளர். காகிதத்தில் அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு நீ செடியைப் பார்த்தாய். "ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்" என்றாய். யாரும் சிரிக்காததால் நீயே சிரித்தாய்.

மாமா வேலையிடத்தில் இருப்பதுபோல ஒரு பிளாஸ்டிக் குவளை வாங்கிவந்தார். பக்கவாட்டில் அளவுக் கோடுகள் போட்டது. காலையில் அதில் உன் ஒரு நாள் தண்ணீரை ஊற்றி வைப்பார். மாலையில் நீ கேட்பாய். அவர் குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். உன் உதடு வெடித்திருக்கும். ஐஸ் கட்டி ஒன்று தருவார். அது கரையும்வரை நீ பேசமாட்டாய். நாங்களும் பேசமாட்டோம்.

கடைசி ஐப்பசியிலும் நீ மழை பிடித்தாய். உட்கார்ந்தபடி, குழாயடியில். ஒரு நாள் மாமா வேலையிலிருந்து வந்தபோது நீல கேனைச் சாய்த்து வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாய். அவர் கத்தவில்லை என்று நீயே சொன்னாய். கேனை வாங்கி, மூடியை இறுக்கி, பரணில் ஏற்றினார். அப்புறம் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். செடிக்கு டிரம் தண்ணீரை அவரே ஊற்றத் தொடங்கினார். கேன் பரணிலேயே இருந்தது.

மாசியில் நீ போனாய்.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. கடலூரில் மரம் என்று ஒன்று மிஞ்சவில்லை. செம்மண்டலத்தில் வீட்டெதிரே இருந்த வேம்பு, முனையில் இருந்த தூங்குமூஞ்சி, எல்லாம் சாய்ந்தன. மொட்டை மாடித் தகரம் பறந்தது. மழை டிரம்முகள் எங்கே போயின என்று தெரியாது. செடியை மாமா முதல் நாளே உள்ளே தூக்கிவைத்திருந்தார். புயலுக்குப் பிறகு அந்தத் தெருவுக்குப் போனால் வேறு ஊருக்கு வந்ததுபோல இருக்கும். வெயில் தரையில் விழும் சத்தம் கேட்கும்போல இருக்கும். காகங்கள் இல்லை.

இதை நான் உன் முதல் வருடத் திதி அன்றுதான் கவனித்தேன். இலை போட்டு, உனக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, மாமா ஒரு பிடி சோற்றை மாடிச் சுவரில் வைத்தார். கா, கா என்று கூப்பிட்டார். வானம் வெறுமையாக இருந்தது. மறுபடி கூப்பிட்டார். சோறு காய்ந்து மேலே பொருக்குத் தட்டியது. கீழ்வீட்டு ஆரோக்கியம்மா, அவர்கள் வழக்கம் வேறு என்றாலும், வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"மரமே இல்ல மாமா. காக்கா எங்கிருந்து வரும்?" என்றேன்.

"சாப்புட மாட்டேங்கறா" என்றார்.

அவர் திரும்பினார். படியேறி முடியும் இடத்தில் செடி இருந்தது. குடுவைகள் எல்லாம் திறந்திருந்தன. அவர் அவற்றைப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அப்போது அது ஒரு பார்வை என்றுகூடத் தோன்றவில்லை.

பங்குனியில் நுனி கருகத் தொடங்கியது.

முதலில் இளம் இலையின் அடியில் ஒரு கரும்புள்ளி. அடுத்த ஞாயிறு நான் போனபோது நுனி முழுக்கக் கருப்பு, தொட்டால் ஈரம். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்டினேன். வெட்டிய முகத்தில், நடுவில், பழுப்பாக ஒரு பொட்டு. நோய் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். இன்னும் கீழே வெட்டினேன். பொட்டு இல்லாமல் வெளிர்ப்பச்சை வரும்வரை வெட்டி, பூஞ்சை பிடிக்காமலிருக்க லவங்கப் பட்டைத் தூள் தடவினேன். அடுத்த ஞாயிறு பட்டைத் தூளுக்குக் கீழே கருப்பு நின்றிருந்தது. காத்திருந்ததுபோல.

மாமா பக்கத்தில் நின்று பார்ப்பார். "எது வரைக்கும் வெட்டுவ?"

"நல்லது வர்ற வரைக்கும்."

"வரலன்னா?"

பிளேடை மறுபடி துடைத்தேன். அந்த வீட்டில் உன் புடவைகளை நம் பெரியம்மா எடுத்துப் போய்விட்டார். போட்டோவுக்கு மாலை போட்டு அது உன்னைப்போலவே இல்லாமல் ஆகிவிட்டது. உன்னை அறிந்தது என்று அவரிடம் இருந்தது அந்தச் செடிதான். ஒவ்வொரு வாரமும் அது மேலிருந்து கொஞ்சம் குறைந்தது.

வெயிலா என்று பார்த்தேன். வலை கட்டினேன். தண்டில் புழு துளைத்த ஓட்டை இருக்கிறதா என்று தடவினேன். இல்லை. எறும்புகள் வரிசை கட்டி ஏறின. எறும்பு இருந்தால் மாவுப்பூச்சி இருக்கும் என்று இலைகளைப் பின்புறம் துடைத்தேன். ஒன்றும் இல்லை. எறும்புகள் இலைக்குப் போகவில்லை, குடுவைக்குப் போயின. அதை ஏன் யோசிக்கவில்லை என்று தெரியவில்லை. குடுவைக்கு எறும்பு போவது இயற்கைதானே.

பிறகு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. ரோஜாவுக்குச் சொன்னாயா, எதற்கோ. "நுனி கருகுனா நுனியப் பாக்காத. அடியப் பாரு."

தொட்டியைச் சாய்த்தேன். இதன் வேர் உயிரோடு இருக்கும்போதே கருப்பு. செத்தாலும் அதே கருப்பு. பார்த்துச் சொல்ல முடியாது, இழுத்துப் பார்க்கவேண்டும். இழுத்தேன். தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்தது. மண்ணோடு கலந்திருந்த கரித்துண்டுகளின்மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலில் எடுத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

"மாமா, என்ன தண்ணி ஊத்தறீங்க?"

"பேட்டரி தண்ணி மச்சான். கடையில வாங்கறதுதான், உப்பில்லாதது. உங்க அக்கா மேல சத்தியமா."

உன் மேல் சத்தியம் செய்து அவர் பொய் சொல்லமாட்டார். உப்பு ஆகாத செடியில் உப்பு எங்கிருந்து ஊறுகிறது?

அன்று இறங்கும்போது ஆரோக்கியம்மா கதவருகே நிறுத்தினார்.

"தம்பி, உங்க மாமா நடுப்பகல்ல மேல யாருகிட்டயோ பேசறாருப்பா."

"தனியா இருக்கார். பேசுவார்."

"பேசட்டும், நானும் தனியாத்தான் கெடக்கறேன், டிவிகிட்ட பேசறேன். அவரு பேசிட்டு, பதிலு கேக்கற மாதிரி செத்த நேரம் சும்மா இருக்காரு. அப்பறம் 'சரி சரி'ங்கறாரு. அதான் பயமா இருக்குது."

அந்த வாரத்திலேயே, ஒரு புதன்கிழமை, சொல்லாமல் போனேன். சித்திரை வெயில். மின்வெட்டு நேரம். தெருவில் ஒரு மின்விசிறியும் ஓடவில்லை. நடுப்பகலில் தனியாக வெளியே போகாதே என்று சின்ன வயதில் நம்மைப் பயமுறுத்துவார்களே, அந்த நேரம். நிழல் காலடிக்குள் இருந்தது. படியில் ஏறும்போதே மாமாவின் குரல் கேட்டது.

"இன்னைக்கு நார்த்தங்கா. போதுமா?"

அமைதி. அதில் ஒரு சொட்டு விழும் சத்தம்.

"சரி சரி. இன்னும் கொஞ்சம்."

திருப்பத்தில் நின்றேன். மாமா செடியின் முன் குந்தியிருந்தார். தட்டில் தயிர்ச் சோறு, ஓரத்தில் ஊறுகாய். பக்கத்தில் டம்ளரில் காபி. ஒரு குடுவையின் விளிம்பைக் குழந்தையின் தாடையைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் பிடித்து, ஸ்பூனால் காபியை விட்டார். அடுத்த குடுவைக்கு நான்கு பருக்கை. அதற்கடுத்ததற்கு ஊறுகாய்ச் சாறு. நிறைந்தவை வழிந்தன. தொட்டிக்குள் சொட்டின.

என்னைப் பார்த்தார். திடுக்கிடவில்லை.

"சத்தம் போடாத மச்சான். சாப்புட்டுகிட்டு இருக்கா."

அக்கா, அப்போது எனக்கு உன்னை நினைத்துப் பயம் வந்தது. அழுகை வரவில்லை, பயம்தான். குடுவைகள் எல்லாம் அவர் பக்கம் பார்த்திருந்தன. வெளிச்சம் அந்தப் பக்கம் இருப்பதால் அப்படித் திரும்பும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் படியை விட்டு ஏறவில்லை.

"எத்தன நாளா மாமா?"

"காக்கா வரல இல்ல, அன்னையில இருந்து. இது வாயத் தொறந்துகிட்டே இருக்குது, பாரு. காலைல வந்து பாத்தா பருக்க இருக்காது. கேட்டதெல்லாம் இல்லைன்னேன் மச்சான். ஒரு வாய் காபி கேட்டா, குவளையத் தூக்கிப் பாத்தேன். டாக்டர் சொன்னதக் கேட்டேன், கேட்டு என்னா ஆச்சு?" தட்டைப் பார்த்தார். "இப்ப எல்லாம் திங்கறா."

கரப்பானும் எலியும் தின்றிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. உப்புதான் கொல்கிறது என்றும் சொல்லியாகவேண்டும். சொன்னால், நீங்கள்தான் கொல்கிறீர்கள் என்று ஆகும். ஒருமுறை பட்டினி போட்டு, மறுமுறை ஊட்டி. சொல்லாவிட்டால் ஆனிக்குள் தண்டு அடிவரை போய்விடும். அதற்குப் பிறகு அவர் எதன்முன் குந்துவார்?

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குக் கிடைத்தது உன் வார்த்தைதான்.

"உப்பு ஆவாது மாமா."

ஸ்பூன் நின்றது. 'உப்பு ஆவாது' என்ற அந்த இரண்டு வார்த்தைகளை அந்த வீட்டில் அதிகம் சொன்னவர் அவர். அவர் முகம் மெல்ல என்னை விட்டுச் செடிக்குப் போனது. கருகிய நுனி, அதன் கீழே நான் வெட்டிய முகங்கள், வெள்ளைப் பொடி பூத்த கரி. எல்லாவற்றையும் இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

"அப்ப இதுவும் நான்தானா?"

"இல்ல மாமா. அவளுக்குத் தண்ணி போதும். அதத்தான் கேக்கறா." நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவர் பேசும் மொழியில் பேச வேறு சொல் இருக்கவில்லை.

"எவ்ளோ?" என்றார்.

"எவ்ளோ வேணா ஊத்தலாம்."

"அளவு?"

"அளவு கெடையாது. ஊத்தி ஊத்தி, அடியில வழியறதுல உப்பு போற வரைக்கும். நான் போயி பேட்டரி தண்ணி ரெண்டு கேன் வாங்கிட்டு வரேன்."

"வேணாம்" என்று எழுந்தார். "வூட்டுலயே இருக்குது."

பரணில் ஏறினார். நீல கேனை இறக்கும்போது உள்ளே தண்ணீர் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவது கேட்டது. நீ பிடித்த மழை. நீ வாய் வைத்த கேன். தூசியை வேட்டியால் துடைத்தார். மூடி திரும்பவில்லை, அவரே அவ்வளவு இறுக்கியிருந்தார். நானும் பிடித்தேன். திறந்தது. ஒன்றரை வருடத்துக்கு முந்தைய மழையின் வாசனை, ஒரு நொடி.

குடுவைகளை நான் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காலி செய்தேன். அந்த நாற்றத்தை உனக்குச் சொல்லமாட்டேன். தொட்டியை மொட்டை மாடித் தண்ணீர் ஓடும் வாய்க்காலுக்கு மேலே தொங்கவிட்டோம். மாமா உள்ளே போய்க் கோடு போட்ட குவளையை எடுத்துவந்தார். ஒரு குவளை நிரப்பினார். பழக்கம், தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஊற்றினார். அடியில் பழுப்பாகச் சொட்டியது. விரலில் ஏந்தி நாக்கில் வைத்தேன்.

"உப்பு?"

"இருக்குது."

இன்னொரு குவளை. மறுபடி தூக்கிப் பார்த்தார். அப்புறம் குவளையைச் சுவரில் வைத்துவிட்டுக் கேனையே இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்தார். தண்ணீர் கரித்துண்டுகளை உருட்டிக்கொண்டு இறங்கியது, வழிந்தது, வாய்க்காலில் ஓடியது, வெயிலில் காய்ந்த சிமெண்ட் அதைக் குடித்தது. "குடி" என்றார். "குடி, குடி." அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது. மழையில் நின்றவரைப்போல.

நான் சுவைத்துக்கொண்டே இருந்தேன். உப்பு. லேசான உப்பு. கடைசியில் ஒன்றுமில்லாத ருசி.

"போயிடுச்சு மாமா."

கேனில் ஒரு சொட்டு இல்லை. அவர் அதைக் கவிழ்த்து உதறினார்.

உப்பைக் கழுவியதால் மட்டும் கருப்பு உடனே நிற்கவில்லை. இறங்க வேண்டியது இறங்கியது. நடுத்தண்டில் நல்லதாக இருந்த ஒரு துண்டை வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, டிபன் பாக்ஸில் சிதம்பரம் கொண்டுவந்தேன். பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். அங்கே மீதி, கட்டை விரல் உயரத்துக்கு ஒரு கட்டையாக நின்றது. மாமா அதற்கும் தண்ணீர் விட்டார். ஆடியில் போன் செய்தார். ஹலோ சொல்லவில்லை. "மண்ணுக்குள்ள இருந்து ஒண்ணு எட்டிப் பாக்குது மச்சான்."

என் துண்டு வேர் பிடிக்க நாளானது. இலை விட்டது. நுனி நீண்டது. அதில் ஒரு குடுவை ஊறி, இன்று காலை திறந்தது. இதற்குள் யாரும் எதையும் போட்டதில்லை. இதன் நீரை இது தானாகவே வைத்துக்கொண்டது. நீ காட்டியதுபோல.

இவ்வளவு எழுதிவிட்டு மாமாவுக்குப் போன் செய்தேன். அங்கேயும் மழை. தகரத்தில் விழும் சத்தம். புதுத் தகரம்.

"மாமா, இங்க ஒரு குடுவ தொறந்துருக்குது."

ஆரோக்கியம்மா சொன்ன அந்த அமைதி.

"வாசன வருதா?" என்றார்.

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை, அக்கா. மூடி திறந்தது என்று மட்டும்தான் சொன்னேன்.

"வருது."

"ம். இங்கயும் வரும்." சிரித்ததுபோல இருந்தது. நீ இருந்தபோது சமையலறைப் பக்கம் பார்த்துச் சிரிப்பாரே, அப்படி. "கேப்பா. குடுத்துடாத. தண்ணி ஊத்து. நெறைய ஊத்து."

குழாயடியில் வாளி வைத்திருக்கிறேன். மாடி கழுவிப்போகும்வரை காத்திருந்துதான் வைத்தேன். நிரம்பும் சத்தம் இங்கே கேட்கிறது. எழுந்து போய் ஊற்றவேண்டும். அந்தக் கோடு போட்ட குவளை இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மாமா கொடுத்துவிட்டார். அதில் பேனாக்கள் போட்டு வைத்திருக்கிறேன்.